அருவி இன்னும் தயாராகவில்லை

தென்காசியில் குடியிருப்பவனுக்கு வருஷத்தில் மூன்று மாதம் சொந்தப் பெயர் கிடையாது. ஜூன் பிறந்துவிட்டால் எவன் போன் செய்தாலும், எந்தக் காலத்திலோ பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு போன பங்காளியாகவே இருந்தாலும், 'நல்லா இருக்கியா' என்று கேட்க மாட்டான். 'தண்ணி விழுதா?' என்பான். குற்றாலத்துக்குப் போகும் குழாயை நான்தான் ராத்திரி திருகி மூடிவிட்டுப் படுக்கிறேன் என்று அவனுக்கு நினைப்பு. இப்படிக் கேட்பவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம்தான். ஆனால் என்ன செய்ய, அந்தக் கோபத்தோடேயே 'நல்லா விழுது, வாங்க' என்று பதில் சொல்லியும் பழகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உள்ள கோளாறு அது. தண்ணி இல்லை என்று சொல்ல நாக்கு புரளாது. ஏதோ நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் குறை கேட்கிற மாதிரி ஒரு ரோஷம் வந்துவிடும். 'சுமாரா விழுது' என்று சொன்னால் தலையைக் காட்டினால் ஒரு காது நனையும் என்று அர்த்தம். 'கோடு மாதிரி விழுது' என்றால் பாறை ஈரமாக இருக்கிறது. 'ரெண்டு நாள்ல பிச்சிக்கிடும்' என்றால் பாறையும் காய்ந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு இது புரியும். வெளியூர்க்காரர்கள் நம்பி ரயிலேறி விடுகிறார்கள். அப்படி ரயிலேறி வந்த கூட்டம் ஒன்று என் மானத்தைப் பழைய குற்றாலத்துப் பாறையில் காயப்போட்டதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் நான் விளையாடும் விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (ஆமாம், நாற்பது வயசில்தான். என் மனைவி உமா கேட்காத கேள்வி எதையும் நீங்கள் புதிதாகக் கேட்டுவிட முடியாது.)

கம்ப்யூட்டரில் விண்கலம் ஓட்டும் விளையாட்டு அது. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனிக்காரன் வக்கீல் வைத்திருக்கிறான், நான் வைத்திருப்பது இன்வெர்ட்டர் கடை. அண்டம் முழுக்கச் சுற்றலாம். சரக்கு ஏற்றலாம், சுரங்கம் தோண்டலாம், நாலு பேர் சேர்ந்து வானத்தில் ஒரு நிலையமே கட்டலாம். தூரத்தில் ஒரு நீலக் கிரகம் மெல்லத் திரும்பும்போது கடையில் நடந்த சண்டை எல்லாம் மறந்து போகும். ஒரே ஒரு குறைதான். எந்தக் கிரகத்தையும் சுற்றிச் சுற்றி வரலாமே தவிர, இறங்க முடியாது. 'கிரகத்தில் இறங்கும் வசதி விரைவில்' என்று நான் வாங்கிய அன்றே எழுதியிருந்தான். அன்றைக்கு எனக்குத் தலை நிறைய முடி இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை கறுப்பு டீ-சர்ட் போட்ட ஓர் ஆள் வீடியோவில் தோன்றுவான். கம்பெனியின் பெரிய தலை. கைகளைக் கும்பிடுகிற மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டு, மிகுந்த உற்சாகத்துடன் அறிவிக்கிறேன் என்று ஆரம்பிப்பான். ஒரு வருஷம் தேதி சொன்னான். அடுத்த வருஷம் அந்தத் தேதியைத் தள்ளிவைத்தான். அதற்கடுத்த வருஷம், புதுத் தேதி எப்போது அறிவிக்கப்படும் என்பதற்கு ஒரு தேதி அறிவித்தான். நடுவில் ஒரு முன்னோட்டப் படம் விட்டான் பாருங்கள். விண்கலம் செம்மண் கிரகத்தில் இறங்குகிறது, புழுதி பறக்கிறது, கதவு திறக்கிறது, ஒருவன் கால் வைக்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. அப்புறம்தான் கீழே எறும்பு மாதிரி எழுத்தில், 'இக்காட்சிகள் விளையாட்டில் எடுக்கப்பட்டவை அல்ல' என்று இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பெயர் என்ன? எங்கள் ஊரில் அதற்குப் பொய் என்று பெயர். அன்றைக்கு நான் குழுவில் எழுதியதை இங்கே எழுத முடியாது, பத்திரிகை ஆசிரியர் நல்ல குடும்பத்துப் பிள்ளை.

குழு என்றது எங்கள் தமிழ்க் குழுவை. ஒன்பது பேர். சாயங்காலமானால் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசியபடியே விளையாடுவோம். சேர்ந்து கட்டிய நிலையத்துக்கு 'ஐந்தருவி' என்று பெயர் வைத்தேன். சென்னை ரேவதி ஏதோ கம்பெனியில் கணக்குத் தணிக்கை பார்ப்பவள், எங்கள் நிலையத்தின் சரக்குக் கணக்கையும் அதே கறாரோடு பார்ப்பாள். தங்கராஜுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. சங்கரன் ராயகிரிக்காரன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இவர்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் என் அப்பாவைத் திருநெல்வேலியில் இதய ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தபோது சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு வந்து ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்கள். தங்கராஜ் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தான். மற்றவர்கள் மாறி மாறி போனில் என்னைத் தூங்காமல் பேச வைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கென்று இருக்கிற சிநேகிதம் அவ்வளவுதான். மற்றவர்களோடெல்லாம் எப்போதோ சண்டை போட்டு முடித்தாகிவிட்டது.

அந்தக் குழுவையும் இந்தக் கறுப்பு டீ-சர்ட் இரண்டாக்கினான். ஒரு பக்கம் நான், 'இவன் ஏமாற்றுக்காரன்' கட்சி. மறுபக்கம் சங்கரன், 'பொறுத்திருப்போம்' கட்சி. சங்கரனைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நான் ஒரு வரி திட்டினால் அவன் பாரா பாராவாக விளக்குவான். ஈர்ப்பு விசை என்பான், காற்றடர்த்தி என்பான். வகுப்பில் பின்பெஞ்சுக்காரனுக்குச் சொல்கிற அதே நிதானம். கடைசியில் எப்போதும் மூன்று வாக்கியம் இருக்கும். 'அவங்க ஏமாத்தணும்னு நினைக்கல, ஆசைப்பட்டுச் சொல்லிட்டாங்க.' 'படம் வேறன்னாலும் எண்ணம் அதுதானே.' 'தரமா வரணும்னா தாமதமாத்தான் வரும்.' இந்த மூன்றையும் படித்துப் படித்து எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்தது என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம் கடைசி அறிவிப்பு வந்தது. இறங்கும் வசதிக்கு இனித் தேதியே கிடையாதாம். 'தயாரானதும் வரும்.' கடையில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் கேட்டு வந்த ஒரு பெரியவர் எதிரில் நின்றிருந்தார். நான் போனைப் பார்த்து, "ஏலே, சோத்தத்தான் திங்கியா?" என்று கத்தினேன். அவர் நேராக எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு குழுவில் இரண்டு பேர் சாயங்காலம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இன்னொருவன் வருவான், பேச மாட்டான். எனக்குப் பயம் வந்தது. இப்படி ஒவ்வொருவராக உதிர்ந்தால் கடைசியில் நான் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு வானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ஒரு திட்டம் சொன்னேன். ஒன்பது பேரும் ஒரே நாளில் இந்த விளையாட்டை விட்டு வெளியேறுவோம், காரணத்தை ஊரறியச் சொல்லுவோம், சேர்ந்தே வேறு விளையாட்டுக்குப் போவோம். சங்கரன் மட்டும், "நீங்க போங்க. நான் ஐந்தருவியில இருந்துக்கிடுதேன்" என்றான். அவன் வராவிட்டால் நானும் வரவில்லை என்று இன்னும் இரண்டு பேர். இப்படியே இழுபறியாக இருக்க, ரேவதிதான், "நேர்ல உக்காந்து ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம்ப்பா, இந்தச் சண்டை தாங்கல" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மதுரைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். "குத்தாலத்துக்கு வாங்க, சீசன் ஆரம்பிச்சாச்சு" என்றேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அருவியில் நின்று குளித்துவிட்டு வந்தவன் எதற்கும் சரி என்று சொல்லுவான். அவனுக்கு முன்னால் பரோட்டாவை வைத்துவிட்டால் சொத்தையே எழுதிக் கொடுப்பான். ஓட்டு என் பக்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நான் சொன்ன அன்றைக்கு உண்மையிலேயே தண்ணி விழுந்துகொண்டிருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. மறுநாள் சாரல் நின்றது. அதற்கு மறுநாள் வெயில். பிறகு தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மேற்கே மலையைப் பார்ப்பேன். மேகம் வரும், கேரளத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். அந்த மேகங்களைத் திட்டியே எனக்குத் தொண்டை கட்டியது. அப்போதுதான் ரேவதி குழுவில் கேட்டாள், "சுப்பு, டிக்கெட் போடப் போறோம். தண்ணி விழுதா?"

விரல் தானாக அடித்தது: 'நல்லா விழுது.'

"ஒரு போட்டோ அனுப்பேன்."

இங்கேதான் சனி பிடித்தது. போனில் தேடினால் அதற்கு முந்தின வருஷத்து மெயினருவிப் படம் ஒன்று இருந்தது. பாறையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று விழுகிற படம். நான் ஒன்றும் யோசிக்காமல் அனுப்பவில்லை, நன்றாகவே யோசித்தேன். அருவி அதே அருவி, பாறை அதே பாறை. தண்ணி மட்டும்தான் வேறு. ஓடுகிற தண்ணி எப்படியானாலும் வேறாகத்தானே இருக்கும்? அனுப்பிவிட்டேன். என் தோளுக்குப் பின்னால் உமா நின்றிருந்தாள்.

"ஏங்க, இது எங்க அண்ணன் வந்திருந்தப்ப எடுத்ததுல்லா?"

"இதே மாதிரிதான் விழும்."

"விழும்போது அனுப்ப வேண்டியதுதான. இப்ப எதுக்கு அனுப்புதீய?"

"ஒரு வாரம் இருக்குல்லா. அதுக்குள்ள பிச்சிக்கிடும்."

உமா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். குழுவில் எல்லாரும் அந்தப் படத்துக்கு இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். சங்கரன்கூட ஒரு இதயம் போட்டிருந்தான். தங்கராஜ் மட்டும், பாவூர்சத்திரத்திலிருந்து அருவிக்கு வண்டியில் அரை மணி நேரம்தான், 'அடேங்கப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து சனிக்கிழமை காலை எல்லாரும் வந்து இறங்கினார்கள். மொட்டை வெயில். தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி, முகத்தில் கல்யாணக் களை. வருஷக்கணக்காகக் குரலாக மட்டும் தெரிந்தவர்கள் முகத்தோடு வந்து நின்றபோது ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். 'ஆப்பம் ஆறிரும், சாப்பிடுங்க' என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தேதி தள்ளிவைக்கிற வேலைதான். ஆப்பம் முடிந்ததும் காபி. காபி முடிந்ததும், சீசனுக்கு வந்தவர்கள் முதலில் ரம்புட்டான் பழம் சாப்பிட வேண்டும் என்று ஒரு புதுச் சட்டம் போட்டேன். அதுவும் முடிந்தது. "கிளம்பலாமா?" என்று ரேவதி எழுந்தாள். அப்போது என் வாயில் வந்தது, "எண்ணெய் தேய்க்காம அருவியில நிக்கக் கூடாது. உடம்பு தாங்காது."

ரேவதிக்கு உமா வீட்டிலேயே தலையிலிருந்து வழிய வழிய நல்லெண்ணெய் வைத்துவிட்டாள்.  நடுநடுவே என்னைப் பார்த்தாள். எல்லாரையும் தங்கராஜின் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய், அருவி கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்தில் ஆண்களை மசாஜ் ஆட்களிடம் ஒப்படைத்தேன். அவர்கள் தொழில் சுத்தம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் அறைந்து தேய்த்தார்கள். நானும் தேய்த்துக்கொண்டேன், தேய்க்காவிட்டால் சந்தேகம் வருமே.

"சத்தமே கேக்கலையே?" என்றாள் ரேவதி. கணக்குப் பார்ப்பவள் காதும் அப்படித்தான் இருக்கும்.

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது."

சந்தைத் தாண்டி மெயினருவிக்கு முன் போய் நின்றோம். பாறை நிற்கிறது. தன்னந்தனியாக, பட்டப்பகலில், இடுப்பில் துணியில்லாத ஆள் மாதிரி நிற்கிறது. ஒரு மூலையில் மட்டும் வீட்டுக் குழாய் அளவுக்கு ஏதோ சொட்டுகிறது. அதற்கு முன்னால் ஒரு பெரிய வரிசை. "தலை நனைஞ்சா நகருங்க, நகருங்க" என்று ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட எங்கள் கூட்டம் பாறையை அண்ணாந்து பார்த்தது.

"இங்கன எப்பவுமே இப்படித்தான், கூட்டம். ஐந்தருவிக்குப் போவோம், அங்கன பிய்க்கும்" என்றேன்.

மறுபடி வண்டியில் ஏறினோம். அது முந்தின நாள் வரை சின்ன வெங்காயம் ஏற்றின வண்டி. காலையில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது எண்ணெய் உடம்போடு ஏறி உட்கார்ந்ததும் மூலைமுடுக்கில் கிடந்த தோல் எல்லாம் காற்றில் பறந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தருவியில் இறங்கும்போது ஒவ்வொருவனும் உரிக்காத வெங்காயம் மாதிரி இருந்தான். அங்கே ஐந்து அருவியில் நாலு லீவு. "பழைய குத்தாலம்" என்றேன், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். தங்கராஜ் சந்தோஷமாக வண்டியைத் திருப்பினான். அவன் விசிலடித்துக்கொண்டு ஓட்டியது எனக்கு ஆத்திரமாக வந்தது.

பழைய குற்றாலத்தில் பாறை சுட்டது. அருவி விழ வேண்டிய இடத்தில் ஒரு குரங்கு குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு குழியில் மட்டும் முழங்கால் அளவு பழைய தண்ணி தேங்கிக் கிடந்தது. ரேவதி போனை எடுத்து என் படத்தைத் திறந்தாள். கையை நீட்டிப் பாறைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுப்பு, இது எப்போ எடுத்தது?"

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். தங்கராஜ் ஒரு கல்லில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டான். நான் சொல்லத்தான் போனேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் சங்கரன் ஒரு அடி முன்னால் வந்தான். எண்ணெயும் வெங்காயத் தோலுமாக நின்றுகொண்டு, வகுப்பெடுக்கிற மாதிரி ஒரு விரலை உயர்த்தினான்.

"ரேவதி, நாம அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாது. அருவிங்கிறது சாதாரண விஷயமில்ல. காத்தோட திசை இருக்கு, மலைமேல ஈரப்பதம் இருக்கு. சுப்பு நம்மள ஏமாத்தணும்னு நினைக்கல, ஆசைப்பட்டுச் சொல்லிட்டான்."

எனக்குக் காது அடைத்தது.

"சங்கரா, நீ பேசாத" என்றேன்.

"இருடே. படம் பழசாவே இருக்கட்டும். படம் வேறன்னாலும் எண்ணம் அதுதானே. தரமா விழணும்னா தாமதமாத்தான் விழும்."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம், பதிலுக்குத் திட்டிவிட்டால் ஆறிவிடும். என்னை ஒருவன் இப்படிக் காப்பாற்ற வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அந்தக் கறுப்பு டீ-சர்ட்டைக் காப்பாற்றிய அதே மூன்று வாக்கியத்தைக் கொண்டு, அதே வரிசையில், அதே நிதானத்தோடு. எனக்குள் ஏதோ வெடித்தது.

"வாய மூடுலே, சவத்து மூதி. அது போன வருஷத்து போட்டோ. தண்ணி நின்னது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன். இந்தா நிக்கேன், நாந்தான் பொய் சொன்னேன். பொய் சொன்னவனப் பொய் சொன்னான்னு சொல்லுலே. அத விட்டுட்டு ஈரப்பதமாம், எண்ணமாம்."

பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு மதுரைக் குடும்பம் தட்டோடு நெருங்கி வந்தது. சங்கரன் முகம் மாறவே இல்லை.

"கோவப்படாத சுப்பு. நீ இப்ப இத ஒத்துக்கிட்டதே எவ்வளவு பெரிய விஷயம் பாரு. வெளிப்படைத்தன்மை."

அவன் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தேன். பிடித்தும் விட்டேன். ஆனால் இரண்டு பேர் உடம்பிலும் அவ்வளவு எண்ணெய். பிடித்த கை வழுக்கித் தோளுக்குப் போனது, தோளிலிருந்து முழங்கைக்குப் போனது, அங்கிருந்து போக இடமில்லாமல் நான் பாறையில் சறுக்கிக்கொண்டு போய் அந்தக் குழித் தண்ணியில் தலைகுப்புற விழுந்தேன். அன்றைக்குக் குற்றாலத்தில் முங்கிக் குளித்த ஒரே ஆள் நான்தான். பஜ்ஜிக் குடும்பத்துச் சின்னப் பெண் கைதட்டினாள். சங்கரன்தான் இறங்கி வந்து கை கொடுத்தான். அதுவும் வழுக்கியது. இன்னொரு தடவை விழுந்தேன்.

தங்கராஜ் கல்லில் உருண்டு உருண்டு சிரித்தான். "எனக்கு அப்பவே தெரியும்லே. தினமும் இந்த வழியாத்தான வண்டி ஓட்டுதேன். நீ எம்புட்டுத் தூரம் போவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாலே?"

"சொன்னா இதெல்லாம் பாக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகச் சீயக்காய் போட்டுக் குளித்தார்கள். எண்ணெய் அவ்வளவு லேசில் போவதாக இல்லை. ஐந்தாவது ஆள் உள்ளே இருக்கும்போது மாடித் தொட்டி காலி. குளியலறைக்குள்ளிருந்து, "தண்ணி விழலங்க" என்று ஒரு பரிதாபமான குரல் வந்தது. உமா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூடத்தில் வரிசையாக எண்ணெயோடு நிற்கிறவர்களைப் பார்த்தாள்.

"கவலப்படாதீய. தயாரானதும் விழும்" என்றாள்.

அவள் அந்த வீடியோவை எப்போது பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரேவதி சிரித்துச் சிரித்துச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நான் மாடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். கீழே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட அதே சிரிப்புகள்தான், ஒவ்வொன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியும். இதை உடைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் அதிகம்.

ஓட்டெடுப்பு நடக்கத்தான் செய்தது, பரோட்டாவுக்கு முன்னால். நான் எழுந்து நின்று, தயாரித்து வைத்திருந்த பேச்சில் மிச்சம் மீதியைச் சொன்னேன். பொய்யாக அறிவிப்புக் கொடுக்கிறவனோடு மானமுள்ளவன் இருக்கக் கூடாது என்கிற இடத்துக்கு வரும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ரேவதி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அப்போ பொய் அறிவிப்புக் கொடுத்தா விட்டுட்டுப் போயிடணும். அதானே?"

"ஆமா."

"உன்னை எப்படிப்பா விட்டுட்டுப் போறது?"

இதைவிட அநியாயமான வாதத்தை நான் கேட்டதில்லை. அந்தக் கறுப்பு டீ-சர்ட் எங்கே, நான் எங்கே? நான் ஆப்பம் போட்டேன், அவன் போட்டானா? என் வீட்டுத் தொட்டியைக் காலி செய்த மாதிரி அவன் வீட்டில் போய்ச் செய்ய முடியுமா? எல்லாம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. விலகுவதற்குக் கை தூக்கச் சொன்னபோது என் கை மட்டும் மேலே இருந்தது. பக்கத்தில் பார்த்தேன். பேசாமல் இருந்தவனும், வருவதை நிறுத்தியிருந்த இரண்டு பேரும்கூட மடியில் கையை வைத்துக்கொண்டு பரோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையை இறக்கிவிட்டேன்.

அவர்கள் ரயிலேறிய மறுநாள் மழை பிய்த்து உதறியது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று மைக்கில் அறிவிப்பு. நான் நனைந்துகொண்டே போய், விழுகிற சத்தத்தோடு வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். 'முன்னோட்டம் பிரமாதம்' என்று ரேவதி எழுதினாள். 'இக்காட்சிகள் அருவியில் எடுக்கப்பட்டவை அல்ல' என்று எழுதினான் தங்கராஜ். நேற்றுக் கடைக்குப் புது போர்டு மாட்டிப் படம் போட்டேன், அதற்கும் இதே வரிதான்.

வீட்டிலும் என் பெயர் மாறிவிட்டது. சீசனுக்கு யாராவது போன் செய்து தண்ணி விழுதா என்று கேட்டால், உமா, "இருங்க, கறுப்பு டீ-சர்ட்டக் கூப்பிடுதேன்" என்கிறாள். அவள் அண்ணன் என் பிறந்தநாளுக்குக் கறுப்பில் ஒன்று வாங்கியே கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக் கடைக்குப் போனால் வெயில் தாங்க முடிவதில்லை.

கிரகத்தில் இன்னும் இறங்கியபாடில்லை. ஒன்பது பேரும் சாயங்காலம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறோம். நான் திட்டுகிறேன், சங்கரன் பாரா பாராவாக விளக்குகிறான்.

இந்த வருஷமும் ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில். மேலே மேகமே கிடையாது. அருவி காய்ந்து நாலு நாளாகிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஏலே, ராயகிரியில இருந்து பஸ் மாறி வாரியே, தண்ணி விழுதான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வரக் கூடாதாலே?"

சங்கரன் செருப்பை ஒழுங்காக ஓரத்தில் கழற்றி வைத்தான்.

"கேட்டா நீ விழுதும்பே. அதான் கேக்காமலே வந்துட்டேன்."

என் கண்முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று மலையைத் திட்டிவிட்டு, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று உமாவிடம் கேட்கப் போனேன்.